வலைமேல் ஏறிய ஏழு சைக்கிள்கள்

ரோட்டில் யாராவது எதையாவது விரித்துப் போட்டிருந்தால் அதன்மேல் வண்டியை ஏற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த முதல் சாலை விதி இதுதான். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எல்லாம் பிற்பாடு சென்னைக்குப் போனபோது தெரிந்துகொண்டவை.

எங்கள் ஊர் பொன்னேரிக்கு மேற்கே, நெல் விளைகிற பூமி. நெல் அறுத்ததும் உளுந்து போடுவோம். காய்ந்த உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போதும். போகிற வருகிற பஸ், லாரி, பால்காரர் வண்டி எல்லாம் அதன்மேல் ஏறி மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். ஒதுங்கிப் போகிறவனைப் பார்த்தால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். "இன்னாய்யா, ஏத்திட்டுப் போனா உன் டயரு தேஞ்சிடுமா?" என்று எங்கள் நைனாவே எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறார். (நைனா என்றால் அப்பா. ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் வந்த வழக்கம். அவரை 'அப்பா' என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்ப்பார்.)

இந்த ஒரு விதியை முழுசாக நம்பித்தான், என் இருபத்திமூன்றாவது வயதில், ஏழு நல்ல மனிதர்களை நடுரோட்டில் குப்புறத் தள்ளினேன்.

அப்போது பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழி ஒருத்தி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும் கூட்டம் ஒன்று பழவேற்காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறதாம். வழிகாட்ட, வரலாறு சொல்ல, உள்ளூர் ஆள் வேண்டுமாம். நன்றாக அமைந்தால் மாதாமாதம் கூப்பிடுவார்களாம். "உனக்குப் பழவேற்காடு தெரியும் இல்ல?" என்று கேட்டாள். "உள்ளங்கை மாதிரி" என்றேன்.

உண்மையில் நான் அங்கே போனது இரண்டே தடவை, இரண்டும் பள்ளிக்கூடச் சுற்றுலா. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர்தான். ஆனால் நைனா எங்களை அழைத்துப் போனதே இல்லை. கேட்டால், "அந்த ஏரிக் காத்து எனக்கு ஒத்துக்காதும்மா" என்பார். மற்றபடி எங்கள் டிராக்டர் வாடகைக்குப் போகாத ஊர் கிடையாது. பழவேற்காட்டுப் பக்கம் மட்டும் அதன் முன்சக்கரம் திரும்பாது. நாங்களும் காற்றின் மேல் பழி போட்டுவிட்டு நம்பிக்கொண்டிருந்தோம்.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. பொன்னேரியில் ஏழு பேரும் வந்து இறங்கியதைப் பார்த்து எனக்கு முதல் அதிர்ச்சி. ஆண்களும் பெண்களுமாக உடம்போடு ஒட்டிய உடை, தலையில் துளை போட்ட தொப்பி, கண்ணில் வெல்டிங் பட்டறைக் கண்ணாடி. ஷூவின் அடியில் ஒரு கொக்கி வேறு. அது பெடலில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். காலைப் பக்கவாட்டில் திருகினால்தான் விடுமாம். "திருக மறந்தா?" என்று கேட்டேன். "விழ வேண்டியதுதான்" என்று சிரித்தார் அவர்களுடைய தலைவர் ரகோத்தமன் சார்.

ரகோத்தமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும், ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய பதவி. அதற்கு முந்தின வருஷம் பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் பத்து நாள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்திருந்தார். உடம்பு மட்டும்தான் திரும்பி வந்திருந்தது. அவருடைய சைக்கிள் எங்கள் டிராக்டரைவிட விலை அதிகம் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அதைச் சென்னையில் ஒரே ஒரு மெக்கானிக்தான் தொடலாமாம். நான் என் பழைய லேடீஸ் சைக்கிளை அதன் பக்கத்தில் நிறுத்தப் போனேன். அவர் தன்னுடையதை நாசூக்காக இரண்டடி தள்ளி வைத்தார்.

"பிரான்ஸ்ல அப்படியே மேடும் பள்ளமுமா அலை மாதிரி ரோடு போகும்மா. இங்க ஏற்றம் எப்போ வரும்?" என்று மூன்றாவது கிலோமீட்டரில் கேட்டார்.

தோசைக்கல் மாதிரி தட்டையான ஊரில் ஏற்றத்துக்கு நான் எங்கே போவேன்? "வரும் சார்" என்றேன். கடைசியில் ஏரியின் மேல் போகும் பாலம் வந்தது. அதையே ஏற்றம் என்று காட்டினேன். மனுஷர் ஆசை தீர நான்கு தடவை ஏறி இறங்கினார். இறால் வலைகளோடு பாலத்தில் நின்றிருந்தவர்கள், ஏதோ சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று அவரோடு சேர்ந்து தரையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

டச்சுக்காரர்களின் கல்லறையில் மட்டும் என் மானம் தப்பியது. நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்து எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அடுத்தது கோட்டை.

"பிரான்ஸ்ல ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கோட்டை இருக்கும். பக்கத்துலயே ஒரு பேக்கரி" என்றபடி கருவேல முள்ளுக்கு நடுவில் வந்து நின்றார் சார். "கோட்டை எங்கம்மா?"

"இதான் சார்."

"எது?"

"நீங்க நிக்கறது."

அவர் காலுக்குக் கீழே பார்த்தார். நாலு செங்கல் இருந்தது. (பேக்கரியும் இல்லை. டீக்கடையில் வருக்கி வாங்கிக் கொடுத்தேன்.) மாதாமாதம் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்தச் செங்கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. உள்ளூர்க்காரிக்கு மட்டுமே தெரிந்த எதையாவது காட்டி அசத்தியே தீர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த நினைப்போடு ஏரிக்கரையோரம் தோணிரேவு என்ற ஊர்ப் பக்கம் கூட்டத்தைத் திருப்பினேன்.

ஊர் நெருங்கும்போது, தூரத்தில் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு ஏதோ விரித்திருந்தது. கருப்பும் பழுப்புமாக, சிக்குச் சிக்காக, ஒரு பத்து வீட்டு நீளத்துக்கு. சந்தேகமே இல்லை, உளுந்துச் செடி. முன்னால் போய்க்கொண்டிருந்த ரகோத்தமன் சார் கையைத் தூக்கி எல்லோரையும் மெதுவாகப் போகச் சொன்னார்.

"என்னம்மா அது? சுத்திப் போயிடலாமா?"

"ஐயோ, சுத்திப் போனா கோச்சிப்பாங்க சார்! மேல ஏத்துங்க! வேகமா ஏத்தணும், அப்போதான் அவங்களுக்கு நல்லது!"

அப்போது அந்தப் பக்கம் வீட்டு வாசலிலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார்கள். எங்கள் ஊரில் அதற்கு 'வா, வா, நல்லா ஏத்து' என்று அர்த்தம்.

"பாருங்க சார், கூப்பிடறாங்க!" என்று நானும் கையை ஆட்டினேன்.

"வாவ், என்ன ஒரு வரவேற்பு!" என்றார் சார். தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். பின்னால் ஆறு பேரும் மிதித்தார்கள்.

நடந்தது முழுசும் வாயால் ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. முதலில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். உளுந்துச் செடி அப்படிக் கத்தாது. சாரின் பின்சக்கரம் தரையிலிருந்த எல்லாவற்றையும் சுருட்டித் தன் பக்கம் இழுத்தது. சைக்கிள் நின்றது. சாரின் கால் பெடலோடு மாட்டியிருந்ததால் அவரும் சைக்கிளும் ஒரே பொருளாக, மெதுவாக, இடது பக்கம் சாய்ந்தார்கள். அடுத்தவர், அதற்கடுத்தவர், அப்படியே ஏழு பேரும் வரிசையாக. ஒருத்தருக்கும் காலைத் திருகும் யோசனை வரவில்லை. என் லேடீஸ் சைக்கிளுக்குச் செயின் கவர் உண்டு, பின்சக்கரத்தில் புடவை மாட்டாத வலைத்தகடு உண்டு. நான் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் அக்கரை போய்ச் சேர்ந்தேன். திரும்பிப் பார்த்தேன்.

அது உளுந்துச் செடி இல்லை. மீன் வலை.

பெருமையாக ஆட்டிய என் கை அப்படியே தலைக்கு மேல் நின்றுபோனது. அதை இறக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கையாட்டிய பெண்களில் மூத்தவர் எல்லம்மா அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "செருப்பு!" என்பதுதான். "வலை மேல செருப்புக் காலோட படுத்துக்கினு கீறாங்க! மொதல்ல செருப்பக் கழட்டச் சொல்லு!"

கழற்ற முடிந்தால்தானே. சார் படுத்தபடியே காலை உதறினார். சைக்கிளும் சேர்ந்து உதறியது. எல்லம்மா அக்காவின் வீட்டுக்காரர் தேசப்பன் அண்ணன் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஆளையும் சைக்கிளையும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாமே இது, மனுசனோட சேர்த்தே செஞ்சிருக்கான்?" என்றார்.

ஒருவழியாக எல்லோரும் வெறுங்காலோடு எழுந்தார்கள். சிராய்ப்பைத் தவிர யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் ஏழு சைக்கிளின் பின்சக்கரத்திலும் வலை கயிறாக முறுக்கிக்கொண்டு, கியருக்குள் புகுந்து, பல்லுக்குப் பல் கடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார்.

எல்லம்மா அக்கா அந்தக் கையைப் பிடித்தார். "கத்தி வெச்சே, அவ்ளோதான். நாளைக்குக் காலைல எங்க பாடு."

அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். தேசப்பன் அண்ணன் சொன்னார். ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடத்தில் நினைத்தவர்கள் எல்லாம் வலை கட்டிவிட முடியாது. ஊருக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. நம் முறை வருகிற நாளில் வலை இல்லையென்றால் அடுத்தவர் இறங்கிவிடுவார். மறுபடி சுற்றி வர இருபது நாளுக்கு மேல் ஆகும். அதற்காகத்தான் வலையை அலசிக் காயப்போட்டிருந்தார்கள்.

"அறுக்காம எடுக்கணும்னா சைக்கிளத்தான் கழட்டணும்" என்று சொல்லிவிட்டு, படகு எஞ்சினுக்கு வைத்திருந்த ஸ்பானர் பெட்டியைக் கொண்டுவந்து சாரின் சைக்கிள் பக்கத்தில் 'ணங்'கென்று வைத்தார் அண்ணன்.

சார் சைக்கிளுக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றார். "அம்மா, இது கார்பன். இதை யாரும் தொடக்கூடாது."

"இது வலை சார். இதையுந்தான் தொடக்கூடாது" என்றார் எல்லம்மா அக்கா. பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "நாளைக்கு இந்த சைக்கிளு இல்லன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

சார் யோசித்தார். நேர்மையான மனிதர். "கார்ல ஆபீஸ் போவேன்" என்றார்.

எல்லம்மா அக்கா குனிந்து வலையைப் பிரிக்கப் போய்விட்டார். ஒரே ஒரு மெக்கானிக் மட்டும் தொடலாம் என்ற அந்த சைக்கிளின் முன்னால் சார் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஸ்பானரை எடுத்து, தானே கழற்ற ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லம்மா அக்காவிடம் போய் நின்றேன். "மன்னிச்சிடுங்கக்கா. ஒதுங்கிப் போனா நீங்க கோச்சிப்பீங்கன்னு நெனச்சேன்."

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பினார்.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"நீ எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்க டிராக்டர் வெச்சிக்கினு முனிரத்தினம்னு ஒருத்தர்..."

"எங்க நைனாதான்கா."

எல்லம்மா அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "யோவ்! இங்க வாய்யா!" என்று வீட்டுக்காரரை அழைத்தார். "டிராக்டர்காரு பொண்ணுய்யா இது!"

அக்கா கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிதாம். செங்கல் இறக்க ஒரு டிராக்டர் வந்திருக்கிறது. ரோட்டில் வலை காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. இவர்கள் கையை ஆட்டிக்கொண்டு ஓட, டிராக்டர்காரரும் சிரித்த முகமாகத் திருப்பிக் கையாட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டி மேலே ஏற்றியிருக்கிறார். வலை சக்கரத்தில் சுற்றிக்கொண்டு தெருக்கோடி வரை போயிருக்கிறது. பிடித்து நிறுத்திக் கேட்டதற்கு அவர் சொன்ன வார்த்தையும் அதேதானாம்: 'ஒதுங்கிப் போனா கோச்சிப்பீங்கன்னு நெனச்சேன்.'

ஏரிக் காற்றாவது, ஒத்துக்கொள்ளாமல் போவதாவது! இத்தனை வருஷமாக வீட்டில் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை பாருங்கள் அந்த மனுஷர்!

"போனப் போடு உங்க நைனாவுக்கு" என்றார் அக்கா. போட்டேன்.

"நைனா, நான் தோணிரேவுப் பக்கம் இருக்கேன். இங்க ரோட்ல ஒண்ணு விரிச்சிருந்தாங்க..."

அந்தப் பக்கத்திலிருந்து மிகவும் சின்னக் குரலில் ஒரே ஒரு கேள்வி. "ஏத்திட்டியா?"

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "அண்ணே, நல்லாகீறீங்களா? அன்னிக்கு மீதி வெச்சத முடிக்கப் பொண்ண அனுப்பிட்டீங்களே! ஒயுங்கா கெளம்பி வாங்க."

மதியத்துக்குள் நைனா வந்துவிட்டார். டிராக்டரை ஊருக்கு வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. குற்றவாளிகள் இரண்டு பேர் எதிர் எதிரே நின்றால் என்ன பேசிக்கொள்வார்கள்?

அதற்குள் வலையைச் சைக்கிள்களிலிருந்து மீட்டாகிவிட்டது. சோப்புத் தண்ணீரில் கிரீஸ் போகக் கழுவியும் ஆகிவிட்டது. ஆனால் அங்கங்கே பெரிய பெரிய ஓட்டைகள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வலை ஊசியோடு உட்கார்ந்தார்கள். ரகோத்தமன் சாரும் ஒரு ஊசி கேட்டு வாங்கி, கால் மணி நேரம் வியர்த்து, ஒரு முடிச்சுப் போட்டார். அக்கா அதை விரலால் தொட்டதும் அவிழ்ந்துவிட்டது. "இதுல இறாலு வராது சார். வந்தாலும் சிரிச்சிட்டுப் பூடும்" என்றார். சார் வருத்தப்படாமல் நூல் சுற்றிக் கொடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். அவர்களுடைய உடையைப் பார்த்து, "அவசரத்துல பேண்ட மறந்துட்டு வந்துட்டாங்களா?" என்று ஒரு பெண் என் காதில் கேட்டார். நான் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றைய கடைசி அதிர்ச்சியைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. நைனா பேசாமல் போய்ப் பெண்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு ஊசியை எடுத்தார். கண்ணியைப் பிடித்து, நூலை ஓட்டி, இழுத்து முடிச்சுப் போட்டார். அக்கா இழுத்துப் பார்த்தார். அவிழவில்லை. டிராக்டர் ஏற்றியபோது முழு வலையையும் சரிசெய்யாமல் அவரை ஊரை விட்டு அனுப்பவில்லையாம். நாலு நாள். அப்போது கற்ற வேலை. 'மாமா வீட்டுக்குப் போனேன்' என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

வெயில் தாழ்வதற்குள் வலை முடிந்தது. அக்கா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆவும். எறக்கலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அரையும் குறையுமாகக் கழன்று கிடந்த ஏழு சைக்கிள்களையும் எங்கள் டிராக்டர் டிரெய்லரில், வைக்கோல் மேல் படுக்கவைத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் சார் தன் சைக்கிளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிரான்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மதியம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காதான் கூப்பிட்டார். வலை தாங்கியதாம். இறால் நன்றாக வந்ததாம். "அதோட கூட உங்க சாரோட பல்லுச் சக்கரம் ஒண்ணும் வந்திருக்கு. சின்னதுதான், வளரல. வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றார்.

சார் வந்து வாங்கிக்கொண்டார். எல்லாரும் வியக்கும்படி, அந்தக் கூட்டம் மாதாமாதம் என்னைக் கூப்பிடவும் செய்தது. இப்போது பிரான்சுக்குப் போனால் அங்கே உள்ளவர்களிடம் "பழவேற்காட்ல நாங்க ஓட்டினப்போ..." என்று ஆரம்பிக்கிறாராம், பாவம் அவர்கள்.

மூன்று வருஷம் கழித்து என் கல்யாணம். எல்லம்மா அக்கா குடும்பத்தோடு வந்தார். மண்டபத்தில் பெரிய ஜமுக்காளம் விரித்திருந்தது. அதன் மறுகோடியில் நைனா, மாப்பிள்ளை வீட்டாரிடம் பவ்யமாகப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஜமுக்காளத்தின் விளிம்பில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

"அண்ணே! மேல ஏத்தலாமா?"

நைனாவின் முகம் போன போக்கைப் பார்த்து, என்ன விஷயம் என்று மாமியார் கேட்டார். அக்காவே பந்தி முடியும்வரை உட்கார்ந்து, டிராக்டரிலிருந்து சைக்கிள்வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். மாமியார் மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடாம் போட்டால், இறங்கியதும் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். நைனா எங்களைப் பார்க்க வந்திருக்கும் நாட்களில் இரண்டு பூட்டு.